புழுதியில் போட்ட சத்தியம்

முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த பச்சைக்கற்களைப் பத்தூல் தினமும் காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பாள். ஏதாவது ஒன்று விரிசல் விட்டிருக்காதா என்ற ஆசைதான். திஜானி கல் அறுப்பதில் குறை வைக்கிறவன் இல்லை. கால்வாய்க் கரையிலிருந்து கரிசல் மண்ணைக் கழுதை வண்டியில் கொண்டுவந்து, சாணியும் நறுக்கிய சோளத்தட்டையும் சேர்த்து, நோன்பு வாயோடு தானே மிதித்து அறுத்துப் போட்டிருந்தான். ஒரு கல்லிலும் கீறல் இல்லை.

அந்தக் கற்கள் திட்டிவாசலை அடைப்பதற்கு. திஜானியின் வீட்டுக்கும் அவன் தம்பி பாபிகரின் வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர். ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு அதில் ஒரு வாசல். கதவு கிடையாது, பழைய சாக்கு ஒன்று தொங்கும். ஆண்கள் அதில் போவதில்லை. தெருவைச் சுற்றி, தலைவாசலில் நின்று இருமிக் குரல் கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள். அது பெண்களின் வழி. கங்கு போகும், உப்பு போகும், அழுகிற குழந்தை போகும், குழந்தையைத் தேடி அதன் தாய் போவாள். வத் ஹாஷிர் ஊரில் இப்படி ஒரு வாசல் இல்லாத சுவரைப் பார்த்தால், அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் என்னவோ நடந்திருக்கிறது என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

"பெருநாள் கழிஞ்ச மறுநாள் அடைச்சிருவேன்" என்றான் திஜானி. மாவு மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவன் புருவத்தில் வெள்ளை போகாது.

"அடைச்சிட்டா கங்குக்கு நான் எங்க போறது?"

"தீப்பெட்டி வாங்கித் தர்றேன்."

"தாஹா பொறந்த அன்னிக்கு நீங்க மதனி டவுன்ல இருந்தீங்க. இந்த வாசல்ல குனிஞ்சு வந்துதான் ரவ்தா என் தலைய மடியில வச்சுக்கிட்டா. அதுக்கும் தீப்பெட்டியா?"

"இனிமே உனக்கு என்ன பிரசவம், பொண்ணே?"

"அப்ப சாவுக்குன்னு வச்சுக்கோங்க."

திஜானி செருப்பை மாட்டினான். "நான் உயிரோட இருக்கறப்ப அவன் என் எடத்துல உட்கார்ந்தான், பத்தூல். ஊரு பார்க்க உட்கார்ந்தான்."

நடந்தது இதுதான். திஜானிக்கும் பாபிகருக்கும் நடுவில் ஒரு தம்பி இருந்து இறந்துபோனான். அவன் மகள் அமூனாவுக்கு நோன்புக்கு முந்தின மாதம் பள்ளிவாசலில் திருமண ஒப்பந்தம். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு மூத்த பெரியப்பாதான் தகப்பன் இடத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டாரின் கையைப் பிடித்துப் பெண்ணைக் கொடுக்க வேண்டும். அன்று பார்த்து மில்லில் பட்டை அறுந்துபோனது. செவ்வாய்ச் சந்தை. பெண்கள் சோளக்கூடைகளோடு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது திஜானியால் விட்டுவிட்டு வர முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டாரோ ஆற்றுக்கு அக்கரைக்காரர்கள். இருட்டுவதற்குள் படகைப் பிடித்தாக வேண்டும். எல்லோரும் காத்துப் பார்த்தார்கள். கடைசியில் பாபிகர் பாயில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கையை நீட்டினான். எண்ணெய்க் கையோடு திஜானி ஓடிவந்தபோது பேரீச்சம்பழம் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் செத்துட்டேன்னு நெனச்சியா?" என்று கேட்டான். பாபிகரும் சும்மா இருந்திருக்கலாம். "நேரத்துக்கு வராதவன் எடத்த யாராவது பிடிச்சுக்கத்தானே செய்வாங்க" என்றான். அதன் பிறகு பேச்சு இல்லை.

*

வத் ஹாஷிர் பெரிய ஊர் இல்லை. மேற்கே பருத்திக் காடும் கால்வாயும். கிழக்கே தார்ச்சாலை, அதைத் தாண்டி நெடுந்தூரத்தில் நீல நதி. நடுவில் சந்தை. அதன் நடுவில் திஜானியின் மில். மில் சத்தம் நின்றால்தான் ஊருக்குக் காது கேட்கும். நோன்பில் மதியத்தோடு மில் நின்றுவிடும். பிறகு ஊரே வேப்பமர நிழலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொண்டு மல்லாந்திருக்கும். பெண்கள் மட்டும் அடுப்படியில் இருப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் சாக்கு விலகும்.

"அக்கா, முழிச்சிருக்கியா?"

"முழிச்சுத்தான் கெடக்கேன். மெதுவா பேசு, உன் மச்சான் கட்டில்ல கெடக்கான்."

பாபிகரின் பெண்டாட்டி ரவ்தா குனிந்து உள்ளே வந்தாள். கையில் மூடிய சட்டி. காய்ந்த வெண்டைக்காய்ப் பொடி போட்டு, உப்புக்கண்டம் இடித்துப் போட்ட குழம்பு. அதில் ரவ்தாவின் கைக்கு அந்தத் தெருவில் ஆள் இல்லை. இழுத்தால் நூலாக வரும். பத்தூலின் கைக்குக் களி. இரண்டு வீட்டுக்குமான களியை அவள்தான் கிண்டுவாள். நோன்பின் முதல் நாளே இருவரும் இப்படிப் பேசி வைத்துவிட்டார்கள். பிரிந்து சமைக்கலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. புருஷன்மார் சண்டை புருஷன்மாரோடு. குழம்பு என்ன பண்ணியது?

"நேத்து ராத்திரி என்ன சொன்னான் தெரியுமா உன் கொழுந்தன்?" என்றாள் ரவ்தா. "'களின்னா இது களி. அந்த வீட்டுல கல்லு மாதிரி கிண்டுவாங்க'ன்னான்."

பத்தூல் உடம்பைச் சுற்றியிருந்த தோப் துணியின் முந்தியை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். "இவன் மட்டும் என்னவாம்? விரலை நக்கிக்கிட்டு, 'குழம்புல உன் கை இந்த வருஷம் தேறிடுச்சு, பத்தூல்'ங்கிறான். இத்தனை வருஷமா தேறாத கை!"

"பாவம் அக்கா, ரெண்டும்."

"பாவமா? கல்லு காயுது பாரு அங்க."

ரவ்தா கற்களைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "நான் சுத்தித் தெரு வழியா வருவேன் அக்கா."

"சட்டியத் தூக்கிக்கிட்டா? ஜாதல்லா கடை முன்னால? ஊரு கேக்குமே, சுவத்துல வாசல் என்னாச்சுன்னு. என்ன சொல்லுவ?"

களியைக் கிண்டும் கட்டையைப் பத்தூல் இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றினாள். வியர்வை கண்ணில் இறங்கியது. சுவர் வந்துவிட்டால் ஒரு மாதத்தில் இரண்டு பேரும் சந்தையில் பார்த்துச் சலாம் சொல்லிக்கொள்கிற ஆட்களாக ஆகிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். அப்படி ஆன வீடுகளை அவள் பார்த்திருக்கிறாள்.

*

பிற்பகல் தொழுகை முடிந்ததும் தெரு ஆண்கள் பாயையும் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு தார்ச்சாலைக்குப் போய்விடுவார்கள். நோன்பு மாதத்தில் அந்தச் சாலையில் யாரும் பசியோடு ஊரைத் தாண்டிப் போய்விடக் கூடாது. பஸ்ஸோ லாரியோ கண்ணில் பட்டால் தலைப்பாகையை அவிழ்த்து, சாலைக்குக் குறுக்கே இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நிற்காத டிரைவர் உண்டா? இறங்க மாட்டேன் என்று யாராவது முரண்டு பிடித்தால் திஜானி கையைப் பிடித்துக்கொண்டு, "என் மேல தலாக்! இங்க நோன்பு திறக்காம நீ போகக் கூடாது" என்று சத்தியம் போட்டுவிடுவான். அதற்குப் பிறகு வந்தவன் என்ன செய்வான்? அடுத்தவன் பெண்டாட்டியைத் தள்ளிவைத்த பாவம் நமக்கு எதற்கு என்று உட்கார்ந்துவிடுவான்.

"விருந்தாளி வேணும்னா கோழிய அறுங்க. என்னை எதுக்கு அறுக்கறீங்க?" என்று பத்தூல் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு நோன்பிலும் தினமும் அவள் தலாக்கின் வாசல் வரை போய், யாரோ முகம் தெரியாத பிரயாணி ஒரு பேரீச்சம்பழம் தின்றதால் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

வழக்கமாக இரண்டு வீட்டுக்கும் ஒரே பாய். இந்த வருடம் திஜானி சாலைக்கு மேற்கே விரித்தான், பாபிகர் கிழக்கே. ஒரே பஸ்ஸை இரண்டு பக்கமும் இழுத்தார்கள். ஒரு டிரைவர், "என்னய்யா, இந்த ஊர்ல எல்லை போட்டாச்சா? பாஸ்போர்ட் காட்டணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். தெரு ஆட்களுக்கு எந்தப் பாயில் உட்காருவது என்று தர்மசங்கடம். வெங்காயக்கடை ஜாதல்லா மட்டும் ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே. "எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே ருசியாத்தான் இருக்கு" என்று அவர் சொன்னது பிள்ளைகள் மூலம் காதுக்கு வந்து, வீட்டில் இருந்த இரண்டு பெண்களுக்கும் உயிர் போய் வந்தது.

நோன்பின் கடைசி வாரத்தில் ஒரு நாள், கட்டிலில் கிடந்த திஜானி தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சினான். காற்று நின்றுபோயிருந்தது. கோழிகள் நேரம் ஆவதற்கு முன்பே கூண்டுக்குள் போயின. தெற்கே வானத்தின் அடியில் செங்கல் நிறத்தில் ஒரு மலை எழுந்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஊரை நோக்கி வந்தது.

"புழுதி வருது. ஜன்னல அடை. பிள்ளைகள உள்ள வை" என்று சொல்லிவிட்டுத் திஜானி பாயைச் சுருட்டித் தோளில் போட்டான்.

"இதுல எங்க போறீங்க?"

"இன்னிக்குத்தான் போகணும். பஸ்ஸுல மாட்டினவன் புழுதியத் தின்னா நோன்பு திறப்பான்?"

தட்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். இன்று முடியாது. சாக்கு விலகியது. தோபை இறுக்கிச் சுற்றி, முகத்தையும் மூடிக்கொண்டு ரவ்தா நின்றாள். "வா அக்கா. நாமளே கொண்டு போய் வச்சுட்டு வந்துருவோம்."

நாணலில் பின்னிய கூம்பு மூடிகளால் தட்டுகளை மூடி, தலையில் வைத்துக்கொண்டு இருவரும் நடந்தார்கள். பாதி வழியில் புழுதி அவர்களைப் பிடித்தது. முதலில் ஒரு குளிர்ந்த தள்ளல். பிறகு வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, பழுப்பாகியது. பல்லில் மண் நறநறத்தது. நீட்டிய கை தெரியவில்லை.

"அக்கா, இருக்கியா?"

"என் தோபைப் பிடிச்சுக்கோ. விட்டா கால்வாய்க்குள்ள போயிருவ."

சாலை ஓரத்து வேப்பமரத்தின் கூச்சலைக் கேட்டுத்தான் வந்து சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தது. எங்கோ ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தது. பிரயாணிகள் ஒவ்வொருவராக மரத்தடிக்கு வந்தார்கள். திஜானியின் குரல் மட்டும் புழுதிக்குள் எல்லாப் பக்கமும் கேட்டது. "இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் வாங்க! பாய் இங்க இருக்கு!"

அப்போது சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் குனிந்தபடி ஓடிவந்தான். தலைப்பாகையை முகம் முழுக்கச் சுற்றியிருந்தான், கண் மட்டும் இரண்டு கீற்று. காற்றில் உருண்டோடும் எதையோ விரட்டிக்கொண்டு வந்தவன், பாயைத் தாண்டியும் ஓடப் பார்த்தான். திஜானி எட்டி அவன் கையைப் பிடித்தான்.

"எங்க ஓடற? நோன்பு திறக்கற நேரம்!"

அவன் கையை உதறினான். தலையை ஆட்டினான். திஜானியின் பிடி இறுகியது.

"யாரா இருந்தா எனக்கென்ன? என் மேல தலாக்! எங்க சாப்பாட்டுல நோன்பு திறக்காம ஒரு அடி நகரக் கூடாது!"

அவன் நின்றான். மெல்லத் தலைப்பாகையைக் கீழே இறக்கினான்.

பாபிகர். அவனுடைய பாய் காற்றில் பறந்துவிட்டது. அதைத்தான் விரட்டிக்கொண்டு வந்திருந்தான்.

பத்தூலுக்குத் தலையிலிருந்த தட்டு திடீரென்று கனத்தது. ரவ்தாவின் கை அவள் முழங்கையைத் தேடிப் பிடித்தது.

"கையை விடு, அண்ணே" என்றான் பாபிகர். இத்தனை நாளில் அண்ணனிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

திஜானி விடவில்லை. விடத் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். "சத்தியம் விழுந்துருச்சு" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"போடறதுக்கு முன்னால மூஞ்சியப் பார்த்திருக்கணும்."

"மூஞ்சியப் பார்த்தா நாம ஆள மறிக்கிறோம்? நம்ம அப்பா பார்த்தாரா?"

ஜாதல்லா பக்கத்தில் வந்து நின்றார். "சரிப்பா, ஒரு பழத்த வாயில போட்டுட்டுப் போயேன். அந்தப் புள்ள பத்தூல் என்ன பாவம் பண்ணுச்சு?"

"நான் போடறேன்" என்றான் பாபிகர். "போட்டுட்டு நாளைக்கு மறுபடியும், என் பாயில வந்து என் எடத்துல உட்கார்ந்தான்னு இவன் ஊரெல்லாம் சொல்லுவான். அதுக்கு எதுக்கு? இவன் சத்தியம், இவன் பாடு."

அவன் கோபத்தில் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டான். திஜானியின் முகம் சாம்பலாகிவிட்டதைப் புழுதியிலும் பத்தூல் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் அங்கே நிற்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் திரும்பவில்லை.

சூரியன் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளிவாசல் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பஸ் டிரைவர் ரேடியோவைக் காதில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். பிரயாணிகள் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பத்தூல் தட்டை இறக்கிப் பாயில் வைத்தாள். ஆண்கள் கூட்டத்தில் அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

"ரெண்டு பேரும் என்னை நடுவுல வச்சு ஏலம் போடறீங்களா?" என்றாள். "பாபிகர், இந்த மூடியத் திற."

"மதினி, நான் உங்களச் சொல்லல..."

"திற. திறந்து மோந்து பாரு. யாரு வீட்டுக் குழம்பு?"

அவன் குனிந்து மூடியைத் தூக்கினான். ஆவி எழுந்து காற்றோடு போனது. முகர்ந்தான். பிறகு நிமிர்ந்து தன் பெண்டாட்டியைப் பார்த்தான். ரவ்தா தோபுக்குள் தலையை இழுத்துக்கொண்டாள்.

"உன் பொண்டாட்டி வச்ச குழம்பு" என்றாள் பத்தூல். "களி நான் கிண்டினது. மொத நாள்லேர்ந்து இப்படித்தான். நீ புகழ்ந்தியே, அந்தக் களிய எவ கிண்டினா? ஏங்க, தாஹா அப்பா, விரல நக்கினீங்களே, அது எவ கைக்குழம்பு? சாலைக்கு ரெண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரே சட்டியத்தான் ரெண்டு பேரும் வழிச்சுத் தின்னீங்க. இனிமே யாரு யாரு எடத்துல உட்காரணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. எனக்குக் கால் வலிக்குது."

அவள் அப்படியே வேப்பமரத்து வேரில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் சிரித்தவர் ஜாதல்லா. "நான்தான் சொன்னேனே, ஒரே ருசின்னு!" யாரும் சேர்ந்து சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டிரைவர் கையை உயர்த்தினான். இரைச்சலுக்கு அடியில் ரேடியோவில் பாங்கு கேட்டது. மெலிந்து, அறுந்து, மறுபடியும் கேட்டது. பழத்தை வைத்திருந்தவர்கள் கையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்கள் நிறுத்தினார்கள். எல்லோரும் பாபிகரைப் பார்த்தார்கள்.

பாபிகர் குனிந்து தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தான். ஊதிப் புழுதியைத் தட்டினான். பிஸ்மில்லா சொல்லி வாயில் போட்டுக்கொண்டான். கொட்டையை உள்ளங்கையில் துப்பி அண்ணனிடம் காட்டினான், சின்ன வயதில் மருந்து குடித்துவிட்டு வாயைத் திறந்து காட்டுகிற மாதிரி.

"போதுமா? மதினி வீட்டுல இருக்கட்டும்."

திஜானி அவன் கையை விட்டான். விட்ட பிறகு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஜலாபியா அங்கியில் துடைத்துக்கொண்டான். யாரோ அவனுக்கும் ஒரு பழம் கொடுத்தார்கள். அதை மென்று விழுங்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

தொழுகைக்கு வரிசை சேர்ந்தது. பாய் போதவில்லை. பிரயாணிகள் தலைப்பாகையையும் துண்டையும் விரித்தார்கள். அந்தச் சாலையோரத்தில் முன்னால் நின்று தொழவைப்பது எப்போதும் திஜானிதான். அவன் முன்னால் போனான். போய் நின்றான். பிறகு திரும்பி வந்து வரிசைக்குள் நுழைந்து, தம்பியின் முதுகில் கைவைத்துத் தள்ளினான்.

"முன்னால போ."

பாபிகர் நகரவில்லை. "நீ மூத்தவன்."

"போடா. பட்டை அறுந்துபோச்சு, நான் இன்னும் வந்து சேரலன்னு வச்சுக்கோ."

பாபிகர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். திஜானி வேறு எங்கோ பார்த்தான்.

"அக்கரைக்காரங்க படகுக்குப் போகணும்" என்றான் திஜானி மெதுவாக. "நேரமாகுதுல்ல. யாராவது ஒருத்தன் கையை நீட்டித்தானே ஆகணும்."

பாபிகர் முன்னால் போனான். தக்பீர் சொல்லித் தொழுகையை ஆரம்பித்தான். முதல் வரிசையில் திஜானி கையைக் கட்டிக்கொண்டு, தம்பியின் குதிகாலுக்குப் பின்னால் நின்றான். வேரில் உட்கார்ந்தபடி பத்தூல் அந்த இரண்டு முதுகுகளும் ஒன்றாகக் குனிவதையும் நிமிர்வதையும் பார்த்தாள். புழுதி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, பஸ்ஸின் விளக்கு இரண்டாகப் பிரிந்து தெரிய ஆரம்பித்திருந்தது.

தொழுகை முடிந்து எல்லோரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இரண்டு வீட்டுத் தட்டும் ஒரே பாயில். பஸ் நிறைய ஆள். களி ஒவ்வொரு பக்கமும் மலை சரிவது போலச் சரிந்தது. பழுப்பு நிற ஹிலுமுர் பானகச் சாடி கைமாறிப் போனது. ஒரு கிழவர் குழம்பைத் தொட்டு நூலாக இழுத்துப் பார்த்து, "இந்தக் கை நல்லா இருக்கட்டும்" என்றார்.

"அது என் தம்பி பொண்டாட்டி கை" என்றான் திஜானி, வாய் நிறைய. உடனே தலையைத் திருப்பி மரத்தடியைப் பார்த்துக் கத்தினான். "ரவ்தா! பாதி பேருக்கு இன்னும் ஒண்ணும் வரலம்மா. வீட்டுல சட்டியில மிச்சம் இருக்கா?"

"இருக்கு மச்சான். எங்க அடுப்புல பாதிச் சட்டி இருக்கு. களிதான் அக்கா வீட்டுல."

"அப்ப ஓடுங்க ரெண்டு பேரும். தெருவச் சுத்திக்கிட்டு நிக்காதீங்க. எங்க வீட்டுக்குள்ள பூந்து அந்த வாசல் வழியா போனா சீக்கிரம்."

சொல்லிவிட்டு அவன் அடுத்த கவளத்தை உருட்டினான். தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குத் தெரிந்ததா இல்லையா என்று பத்தூலால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் எழுந்தாள். ரவ்தாவின் கையைப் பிடித்தாள். தோபைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெரிய பெண்கள் ஓடக்கூடாத மாதிரி இருவரும் ஓடினார்கள்.

ரவ்தா முதலில் குனிந்து திட்டிவாசலுக்குள் போனவள், பாதியில் நின்றாள்.

"அக்கா. நீ இன்னும் வாயில ஒண்ணும் போடல."

"ஐயோ" என்றாள் பத்தூல். உண்மைதான். மறந்தே போயிருந்தது.

ரவ்தா உள்ளே ஓடி, பானையிலிருந்து ஒரு குவளை தண்ணீர் மொண்டு வந்தாள். பத்தூல் வாசற்படியிலேயே உட்கார்ந்து அதை வாங்கினாள். தண்ணீரிலும் புழுதி இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல், அடிவரை குடித்தாள்.

சாலைப் பக்கமிருந்து திஜானியின் குரல் வந்தது. அதன் மேலேயே பாபிகரின் குரலும் ஏறியது. "குழம்பு எங்க?"

"வருது, வருது!" என்று பத்தூல் திருப்பிக் கத்தினாள். "ரெண்டு பேரும் சேர்ந்து கத்தாதீங்க!"